இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? மண்ணுக்கு அடியிலும் பார்த்துவிடுங்கள்

1988 மார்ச் 3ஆம் தேதி. நாரிச் நகரத்தின் ஏர்ல்ஹாம் ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு மாடிப் பேருந்தின் பின்பக்கம் அப்படியே தரைக்குள் இறங்கிவிட்டது. சாலைக்கு அடியில், எப்போதோ வெள்ளைச் சுண்ணக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருந்திருக்கிறது. அதற்கு முந்தின நாள் அந்தத் தெருவுக்கு வீடு பார்க்கப் போயிருந்தால் நாம் என்ன பார்த்திருப்போம்? கூரை ஒழுகுகிறதா, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, பாய்லர் எத்தனை வருடம் பழசு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சொத்துத் தேடல்கள் இருக்கின்றன, அதாவது வாங்குமுன் அந்த வீட்டையும் நிலத்தையும் பற்றிய பதிவுகளில் செய்யும் விசாரணைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டின் குறைகளை விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். மற்றதையெல்லாம் வாங்குபவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் நடைமுறை வேறு. இங்கே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கு மட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பொதுவாக மூன்று தேடல்கள் உண்டு. அவற்றை உங்கள் சொலிசிட்டர், அதாவது வாங்கும் வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர், நீங்கள் கேட்காமலே செய்துவிடுவார். நான்காவதும் ஐந்தாவதும் என்ன என்பதை அந்த ஊரின் மண்தான் தீர்மானிக்கிறது. இணையம் வழியாக வேலை எடுக்கும் சொலிசிட்டர் 200 மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பார், அந்த ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார். அதனால் எந்தத் தேடல் வேண்டும் என்று நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் படி: விலை பேசுமுன், வீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டியவை

வீடு பிடித்துவிட்டது, ஆனால் இன்னும் விலை சொல்லவில்லை. இந்த ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். பின்னால் பல வாரங்கள் மிச்சமாகும்.

நான் முதலில் போவது பழைய வரைபடங்களுக்கு. நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாந்து தன் இணையதளத்தில் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும் இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடங்களும் அதில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். நீங்கள் வாங்கப் போகும் வீடு நிற்கும் இடத்தில் அப்போது என்ன எழுதியிருந்தது? 'ஷாஃப்ட்' என்றிருந்தால் சுரங்கக் குழி. 'க்ளே பிட்', 'ப்ரிக் வொர்க்ஸ்' என்றிருந்தால் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பிற்பாடு எதையோ போட்டு மூடியிருப்பார்கள். 'கேஸ் வொர்க்ஸ்' என்றிருந்தால் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலை. தாரும் சயனைடும் மண்ணில் இறங்கியிருக்கக்கூடிய இடம். சும்மா வயல்வெளி என்றிருந்தால் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி.

அடுத்து அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து நீண்டகால வெள்ள அபாயத்தைப் பாருங்கள். யூகே ரேடான் தளத்தின் வரைபடத்தையும் (ரேடான் என்ற வாயுவைப் பற்றி ஐந்தாம் படியில் சொல்கிறேன்), சுரங்க விவகாரங்களைக் கவனிக்கும் மைனிங் ரெமிடியேஷன் அத்தாரிட்டியின் வரைபடத்தையும் பாருங்கள். முன்பு கோல் அத்தாரிட்டி என்றிருந்த அமைப்புதான் அது. 2024 நவம்பரில் பெயர் மாறியது. மூன்றுமே இலவசம். கடைசியாக, நில உரிமைகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டி உரிமைப் பதிவேட்டின் நகலை எடுங்கள், இன்னொரு 7 பவுண்டுக்கு மனைப்படம். அதிகாரபூர்வ அரசுத் தளத்திலேயே எடுங்கள். அதே நகலை அதிக விலைக்கு விற்கும் இடைத்தரகுத் தளங்கள் தேடுபொறியில் மேலே வந்து நிற்கும்.

இவை எதுவும் சொலிசிட்டர் செய்யும் தேடலுக்கு மாற்றாகாது. எந்தத் தேடலைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவை, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எல்லோரும் செய்யும் மூன்றும், அவை விட்டுவிடுவதும்

முதலாவது கவுன்சில் தேடல். எல்எல்சி1, கான்29 என்ற இரண்டு படிவங்கள் சேர்ந்தது. திட்ட அனுமதிகள், கட்டட ஒப்புதல்கள், பாதுகாக்கப்பட்ட மரங்கள், பாரம்பரியப் பகுதி, வீட்டுக்கு முன்னால் உள்ள சாலையைக் கவுன்சில் பராமரிக்கிறதா என்பதெல்லாம் இதில் வரும். ஆனால் கான்29 நீங்கள் வாங்கும் மனைக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை வயலில் 300 வீடுகள் கட்ட அனுமதி கொடுத்திருந்தாலும் இந்த அறிக்கையில் ஒரு வரி இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத் தனியாகத் திட்ட அனுமதித் தேடல் என்று ஒன்று இருக்கிறது. அந்த வயலின் காட்சிக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதைக் கட்டாயம் கேளுங்கள். கவுன்சிலின் திட்ட அனுமதித் தளத்தில் நீங்களே தெருப் பெயரைப் போட்டும் தேடலாம்.

நம் ஆட்கள் பலர் வீட்டை வாங்கியதும் மாடிக்கு மேல் அறை எடுக்கலாம், பின்னால் நீட்டிக் கட்டலாம், ஓர் அறையை வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறார்கள். ஆர்ட்டிகிள் 4 என்ற உத்தரவு அந்தப் பகுதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், மற்ற இடங்களில் அனுமதி தேவைப்படாத வேலைக்கு அங்கே அனுமதி வாங்க வேண்டிவரும். பல கவுன்சில்கள், குடும்ப வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடும் வீடாக மாற்றுவதைக் கட்டுப்படுத்த இதைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் திட்டத்தைச் சொலிசிட்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாத திட்டத்துக்கு அவர் தேட மாட்டார்.

இரண்டாவது தண்ணீர், கழிவுநீர்த் தேடல். பொதுக் கழிவுநீர்க் குழாய் மனைக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அதற்கு மேலேயோ பக்கத்தில் 3 மீட்டருக்குள்ளேயோ கட்டுவதற்குத் தண்ணீர் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். விற்பவர் ஏற்கெனவே கட்டிய சமையலறை நீட்டிப்பு அப்படிச் சம்மதம் இல்லாமல் கட்டியதாக இருக்கலாம். 2011 அக்டோபர் 1ஆம் தேதி ஏராளமான தனியார் குழாய்கள் தண்ணீர் நிறுவனங்களின் கைக்கு மாறின. அப்படி மாறிய குழாய்கள் எல்லாமே வரைபடத்தில் ஏறிவிடவில்லை என்பதால், படத்தில் கோடு இல்லை என்று மட்டும் நம்பிவிட முடியாது; தோட்டத்தில் மேன்ஹோல் மூடி தெரிகிறதா என்று நேரிலும் பாருங்கள்.

பொதுக் குழாயோடு இணைப்பே இல்லை என்று அறிக்கை சொன்னால் அங்கே செப்டிக் டேங்க் இருக்கலாம். இங்கிலாந்தில் செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் நீரை நேராக ஓடையிலோ கால்வாயிலோ விடக் கூடாது. 2020 ஜனவரி 1க்குள் அவற்றை மாற்றியிருக்க வேண்டும் என்பது விதி. மாற்றாத டேங்க்கோடு வீடு வாங்கினால் அந்தச் செலவும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

மூன்றாவது சுற்றுச்சூழல் தேடல். யாரும் நேரில் வந்து மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை. பழைய ஆலைகள், குப்பைமேடுகள், வெள்ளம், நிலத்தின் உறுதி பற்றிய பதிவுகளைச் சேர்த்துத் தரும் அறிக்கை இது. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, மாசுபடுத்தியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நிலத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு இப்போதைய உரிமையாளரிடமே வரலாம். பக்கத்துக் குப்பைமேட்டையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1986 மார்ச்சில் டெர்பிஷயரின் லாஸ்கோ கிராமத்தில் மூடிய குப்பைமேட்டிலிருந்து மண் வழியாகக் கசிந்து வந்த வாயு வெடித்து ஒரு பங்களா நொறுங்கிப்போனது. குப்பை வீட்டுக்கு அடியில் இல்லை, அருகில்தான் இருந்தது.

மூன்றாம் படி: நிலக்கரி

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் எனக்கே நடந்தது.

தெற்கு வேல்ஸ், நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர், யார்க்ஷயர், டர்ஹம், நார்தம்பர்லாந்து, லங்காஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர். இந்தப் பகுதிகளில் வீடு என்றால் நிலக்கரி நினைவுக்கு வர வேண்டும். லண்டனுக்குத் தெற்கே கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு: கிழக்கு கென்ட்டிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, கடைசியானது 1989இல்தான் மூடியது. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கம் மூடினாலும் குழி போகாது.

இதற்கான தேடலுக்குக் கான்29எம் என்று பெயர். வீட்டுக்கு அடியில் முன்பு வெட்டினார்களா, எவ்வளவு ஆழத்தில் வெட்டினார்கள், சுரங்க வாயு பிரச்சினை பதிவாகியிருக்கிறதா, இந்த வீட்டுக்குச் சேத இழப்பீடு யாராவது கேட்டிருக்கிறார்களா என்றெல்லாம் சொல்லும். எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, மனையின் எல்லைக்குள்ளோ எல்லையிலிருந்து 20 மீட்டருக்குள்ளோ சுரங்க வாய் இருக்கிறதா என்பது. இருந்தால் கடன் கொடுக்கும் வங்கி தயங்கும், காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும், பின்னால் நீங்கள் விற்கும்போதும் அதே கேள்வி வரும்.

நாங்கள் முன்னாள் சுரங்க ஊர் ஒன்றில் வீடு பேசியபோது, எங்களுக்காக வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து எல்லா அறிக்கைகளும் ஒரே கோப்பாக மின்னஞ்சலில் வந்தன. கூடவே "பாதகமாக எதுவும் இல்லை" என்று ஒரு வரி. அறுபது பக்கத்துக்கு மேல். தூக்கம் வராத ஓர் இரவில் முழுதும் படித்தேன். நடுவில் ஒரு பக்கத்தில், பின்தோட்ட வேலியிலிருந்து 14 மீட்டரில் ஒரு சுரங்க வாய் என்று இருந்தது. மறுநாள் போன் செய்து கேட்டபோது அங்கிருந்தவருக்கும் அது புதுச் செய்தியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தக் குழியைப் பற்றி விரிவான விளக்க அறிக்கை ஒன்றைத் தனியாக வரவழைத்தோம். குழியை நிரப்பி மேலே கான்கிரீட் மூடி போட்டதற்கான பதிவு அதில் இருந்தது. அதை வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பி, இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே வாங்கினோம். இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். குழி இருந்தது எங்களுக்குப் பெரிய அடியில்லை. அதைத் தெரியாமலே கையெழுத்துப் போட்டிருப்போம் என்பதுதான் இன்னமும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிலக்கரியில் ஓர் ஆறுதல் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தால் வீட்டுக்குச் சேதம் வந்தால், 1991ஆம் ஆண்டின் சட்டப்படி பொறுப்பாளர்கள் பழுதுபார்த்துத் தரவோ பணம் தரவோ வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்தப் பொறுப்பு முதல் படியில் சொன்ன மைனிங் ரெமிடியேஷன் அத்தாரிட்டியைச் சேரும். சேதம் தெரியவந்த 6 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 1872இல்தான் வந்தது. அதற்கு முந்தைய குழிகள் எல்லாம் பதிவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் படியில் சொன்ன பழைய வரைபடம் இங்கேதான் கைகொடுக்கும்.

நான்காம் படி: உப்பு, தகரம், சுண்ணாம்பு

செஷயர் மாவட்டத்தில் நார்த்விச், வின்ஸ்ஃபோர்ட் பக்கம் பல காலமாக நிலத்தடி உப்பை நீரில் கரைத்து உறிஞ்சினார்கள். உப்பு போன இடத்தில் வெற்றிடம், அதற்கு மேலே தெருக்கள். நார்த்விச்சில் கட்டடங்கள் இறங்குவது வழக்கமாகிப்போனதால், தேவைப்படும்போது ஜாக்கி வைத்து உயர்த்திக்கொள்ளும்படி மரச்சட்டத்தில் கட்டடம் கட்டினார்கள். அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. இந்தப் பகுதிக்கென்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், இழப்பீடு வழங்க ஒரு வாரியமும் இருக்கின்றன. செஷயர் உப்புநீர்த் தேடலில் நீங்கள் தேட வேண்டிய ஒரே விஷயம்: முன்பிருந்த உரிமையாளர் மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிட்டாரா? முடித்துவிட்டிருந்தால் அந்தச் சொத்துக்கு இனி இழப்பீடு கேட்கும் உரிமை கிடையாது. பணம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. பல வங்கிகள் அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் கொடுக்கத் தயங்கும்.

கார்ன்வாலிலும் டெவனின் மேற்குப் பகுதியிலும் தகரமும் செம்பும் வெட்டினார்கள். நிலக்கரிக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இங்கே இல்லை. தோட்டத்தில் குழி விழுந்தால் உங்கள் காப்பீட்டை நம்பித்தான் இருக்க வேண்டும். எனவே இந்த ஊர்களில் உலோகச் சுரங்கத் தேடலைத் தவிர்ப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். இன்னொன்றும் அங்கே உண்டு: சுரங்கக் கழிவுக் கற்களைக் கலந்து செய்த கான்கிரீட். உள்ளே இருக்கும் தாதுப்பொருள் காலப்போக்கில் சிதைந்து கான்கிரீட்டையே உதிர வைக்கும். மண்டிக் என்பார்கள். 1950க்கு முன் கட்டிய கான்கிரீட் வீடு என்றால் சுவரிலிருந்து மாதிரி எடுத்து மண்டிக் சோதனை செய்யாமல் வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை.

டட்லி, வால்சால் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். டெவன், டார்செட்டில் களிமண் எடுத்த இடங்கள். யார்க்ஷயரின் ரிப்பன் நகரத்தில் மனிதர் தோண்டாமலே நிலத்தடி ஜிப்சம் தண்ணீரில் கரைந்து பள்ளம் விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் பதிவுகள் உள்ளன, சொலிசிட்டரிடம் கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்றே: "இந்த அஞ்சல் குறியீட்டுக்கு நிலக்கரி தவிர வேறு சுரங்கத் தேடல் ஏதாவது பரிந்துரைக்கப்படுகிறதா?"

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாத வாயு

ரேடான் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் இயற்கையாக வரும் கதிரியக்க வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 1,100 மரணங்களோடு இது தொடர்புபடுத்தப்படுகிறது. கார்ன்வால், டெவன், டெர்பிஷயர், நார்தாம்ப்டன்ஷயர், வேல்ஸின் சில பகுதிகளில் அதிகம்.

கவுன்சில் தேடலில் இதற்கு ஒரு கேள்வி உண்டு. ஆனால் அது சொல்வது, வீடு ரேடான் பாதிப்புப் பகுதியில் இருக்கிறதா என்பதை மட்டுமே. அந்தக் குறிப்பிட்ட வீட்டுக்குள் அளவு எவ்வளவு என்பது கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். வரவேற்பறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு சிறிய கருவிகளை மூன்று மாதம் வைத்திருப்பார்கள். ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது நடவடிக்கை எடுக்கும்படி பரிந்துரைக்கும் அளவு. வீடுகளில் 100க்குள் கொண்டுவருவதே இலக்கு.

விற்பவர் ஏற்கெனவே அளந்திருந்தால் முடிவைக் கேளுங்கள். அளக்கவில்லை என்றால், மூன்று மாதம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்கு வழி, விலையில் ஒரு தொகையைச் சொலிசிட்டரிடம் நிறுத்தி வைப்பது. குடிபோன பிறகு அளந்து, அளவு அதிகமாக இருந்தால் அந்தப் பணத்தில் தரைக்கு அடியில் விசிறியோடு ஒரு வெளியேற்றுக் குழி அமைத்துவிடலாம். இது சரிசெய்யக்கூடிய பிரச்சினை. ரேடான் என்ற சொல்லைப் பார்த்ததும் நல்ல வீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: வெள்ளமும் கடலும்

வெள்ள அறிக்கையில் 'மண்டலம் 1', அதாவது குறைந்த அபாயம், என்று பார்த்தவுடன் நிம்மதி அடைபவர்கள் நிறைய. அந்த மண்டலங்கள் ஆற்று வெள்ளத்தையும் கடல் வெள்ளத்தையும் மட்டும் வைத்துப் போட்டவை. பெருமழை பெய்து வடிகால் தாங்காமல் தெருவில் நிற்கும் தண்ணீரும், நிலத்தடி நீர் மட்டம் ஏறி அடித்தளம் வழியாக வரும் தண்ணீரும் அதில் சேராது. எனவே தனி வெள்ளத் தேடல் அறிக்கை வாங்கும்போது மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர் இரண்டின் பக்கங்களையும் தனித்தனியே படியுங்கள்.

அதோடு, ஒப்பந்தம் பரிமாறுவதற்கு முன்பே (இரு தரப்பும் சட்டப்படி கட்டுப்படும் கட்டம் அது) வீட்டுக் காப்பீட்டுக்கு விலை கேளுங்கள். இதைவிட நேர்மையான வெள்ள அறிக்கை கிடையாது. 2016 ஏப்ரலில் தொடங்கிய ஃப்ளட் ரீ என்ற ஏற்பாட்டால் வெள்ள அபாயம் உள்ள வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்கிறது. ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. புது வீடு என்றால் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்போம். இந்த ஒரு விஷயத்தில் நேர்மாறு. அந்த ஏற்பாடும் 2039 வரைதான். இருபத்தைந்து வருடக் கடன் வாங்குபவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நார்ஃபோக்கின் ஹெம்ஸ்பி, யார்க்ஷயரின் ஹோல்டர்னஸ் போன்ற கரைகளில் கடல் நிலத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அரிப்பில் போகும் வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு பணம் தராது. வீட்டின் மதிப்பை ஈடுகட்டும் அரசு இழப்பீடும் கிடையாது. அந்தக் கரைக்கான மேலாண்மைத் திட்டத்தைப் படியுங்கள்: தடுப்பைப் பராமரிக்கப் போகிறார்களா, அல்லது இயற்கை போகிறபடி விடப் போகிறார்களா என்று அதில் எழுதியிருக்கும்.

ஏழாம் படி: நூற்றாண்டுகள் பழைய கடன்

தேவாலயத்தின் பலிபீடம் உள்ள பகுதியை சான்சல் என்பார்கள். அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு ஒரு காலத்தில், தேவாலய நிலத்தின் வருமானத்தை அனுபவித்தவருக்கு இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த நிலங்கள் தனியார் கைக்குப் போயின, பொறுப்பும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் அப்படிப்பட்ட பண்ணை வைத்திருந்த தம்பதிக்கு தேவாலயத்திலிருந்து கேட்பு வந்தது. வழக்கு அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் அவர்கள் தோற்றார்கள். பழுதுபார்ப்புத் தொகை மட்டும் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பவுண்டுக்கு மேல். வழக்குச் செலவு அதற்கு மேலே. கடைசியில் பண்ணையையே விற்க வேண்டிவந்தது.

2013 அக்டோபர் 13க்குப் பிறகு நிலைமை மாறியது. அந்தப் பொறுப்பு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகாமல் இருந்து, அந்தத் தேதிக்குப் பிறகு வீடு விலைக்குக் கைமாறியிருந்தால், புதிய உரிமையாளரைப் பொதுவாக அது பிடிக்காது. அதற்கு முன்பிருந்தே ஒரே குடும்பத்தில் இருந்த வீடு, அல்லது தானமாகவும் வாரிசாகவும் மட்டுமே கைமாறிய வீடு என்றால் தேடல் செய்துவிடுங்கள். நீங்கள் வாங்கி முடிப்பதற்குள் தேவாலயம் பதிவு செய்துவிட வாய்ப்பு உண்டு.

அபாயம் இருக்கலாம் என்று முடிவு வந்தால் வழக்கமாக ஓர் ஈட்டுறுதிக் காப்பீடு (பின்னால் அந்தப் பொறுப்பு வந்தால் நட்டத்தை ஈடுகட்டுவது) எடுப்பார்கள். அதிகச் செலவாகாது. ஆனால் ஒன்று: நல்லெண்ணத்தோடு தேவாலயத்துக்குப் போன் போட்டு "எங்கள் வீட்டுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறதா?" என்று கேட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்பை உசுப்பிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பாலிசி தராது. அனுமதியில்லாத கட்டட வேலைக்காகக் கவுன்சிலைக் கூப்பிடுவதும் அதேபோலத்தான். முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள்.

எட்டாம் படி: வாசலுக்கும் சாலைக்கும் நடுவே

கிராமப்புற வீடுகளில் இதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு வேலிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு புல்வெளிப் பட்டை இருக்கும். பல ஆண்டுகளாக அதன்மேல் கார் போய் வந்துகொண்டிருக்கும். அது கவுன்சில் சாலையின் பகுதி என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அது பொதுப் புல்வெளியாகப் பதிவான நிலமாக இருந்தாலோ, வேறொருவருக்குச் சொந்தமான துண்டாக இருந்தாலோ, உங்கள் வீட்டுக்கு வண்டியில் போகும் உரிமையே கேள்விக்குறி ஆகிவிடும். அந்தத் துண்டுக்கு உரியவர் என்ன விலை கேட்டாலும் கொடுக்க வேண்டிய நிலை வரும். பொதுநிலக் கேள்வி கான்29 படிவத்தில் இல்லை. கான்29ஓ என்ற விருப்பப் படிவத்தில்தான் இருக்கிறது. கேட்டால்தான் போடுவார்கள். அதோடு நெடுஞ்சாலைத் துறையிடமிருந்து சாலையின் எல்லைப் படத்தை வாங்கி, லேண்ட் ரெஜிஸ்ட்ரி மனைப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் தொட வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் வரையான எச்எஸ்2 அதிவேக ரயில் பாதைக்கு அருகில் என்றால் ரயில் திட்டத் தேடல். லண்டனுக்குள் என்றால் அடியில் சுரங்க ரயில் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி. கால்வாய்க் கரை வீடு என்றால் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டிடம் கரைச்சுவர், மதகு பராமரிப்புப் பொறுப்பு பற்றி விசாரணை. வேகமாகப் பரவித் தொல்லை தரும் ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடிக்கு நம்பகமான பதிவேடு எதுவும் இல்லை. டிஏ6 படிவத்தில் விற்பவர் எழுதும் பதிலும் சர்வேயரின் கண்ணும்தான் துணை. விற்பவர் "தெரியாது" என்று எழுதியிருந்தால் சர்வேயரிடம் குறிப்பாகச் சொல்லித் தோட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: அறிக்கை வந்த பிறகு

எல்லா அறிக்கையையும் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். சுருக்கக் கடிதம் மட்டும் போதாது. படிக்கும்போது மூன்று விஷயங்களில் கண் வையுங்கள். தேடிய முகவரியும் மனைப்படத்தின் சிவப்புக் கோடும் சரியா? கராஜும் பின்பக்கத் துண்டு நிலமும் விடுபட்டுப்போவது நடக்கிற காரியம். 'மேற்கொண்டு நடவடிக்கை தேவை' என்று எங்கே வந்திருக்கிறது, அதற்குச் சொலிசிட்டர் என்ன செய்தார்? 'பதிவுகள் இல்லை' என்று எங்கெல்லாம் இருக்கிறது? பதிவு இல்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் வேறு வேறு.

பிரச்சினை தெரிந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், விற்பவரைச் சரிசெய்யச் சொல்லலாம், பணத்தை நிறுத்தி வைக்கலாம், காப்பீடு எடுக்கலாம், விலகவும் செய்யலாம். ஒப்பந்தம் பரிமாறும் வரைதான் இவை எல்லாம் கையில் இருக்கும். பரிமாறிய மறுநிமிடம் போய்விடும். எஸ்டேட் ஏஜென்ட் "இந்த வாரமே முடிக்க வேண்டும்" என்று நெருக்கினாலும், வராத அறிக்கைக்காகக் காத்திருங்கள். ஈட்டுறுதிக் காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது நட்டத்துக்குப் பணம் தரலாம், பள்ளத்தை மூடித் தராது. பிரச்சினை காகிதத்தில் என்றால் நல்ல தீர்வு, மண்ணில் என்றால் அரைத் தீர்வு.

கடன் வாங்கி வாங்கினால் வங்கி சில தேடல்களைக் கட்டாயமாக்கும். விற்பனை முடிந்து வீடு உங்கள் கைக்கு வரும் நாளில் அவை 6 மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. குடும்பத்தார் சேர்ந்து மொத்தப் பணமும் போட்டு வாங்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. "எதற்கு வீண் செலவு, தேடாமலே விட்டுவிடலாம்" என்ற பேச்சு அப்போதுதான் எழும். வங்கி தன் பணத்துக்குச் செய்யும் காவலை உங்கள் பணத்துக்கு நீங்கள் செய்யாமல் விடாதீர்கள்.

பத்தாம் படி: கடைசி வாரம்

பழைய வீடு, வெகுகாலம் விற்கப்படாதது என்றால் நிலம் இன்னும் பதிவாகாமலே இருக்கலாம். விற்பனையில் பதிவு கட்டாயம் என்ற விதி நாடு முழுவதும் வந்தது 1990 டிசம்பர் 1ஆம் தேதிதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு, நிலம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று காட்டும் குறியீட்டு வரைபடத் தேடலும், முந்தைய உரிமையாளர்களின் பெயர்களில் நிலச்சுமைத் தேடலும் (நிலத்தின்மேல் உள்ள அடமானம், கட்டுப்பாடு போன்றவற்றைக் காட்டுவது) தேவைப்படும். பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் பதிவு கிடைக்காமல் போகலாம் என்பதால், பத்திரத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறார்களா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் ஒரு நிறுவனம் என்றால், அது இன்னும் இயங்குகிறதா, கலைக்கும் நடவடிக்கையில் இருக்கிறதா என்று கம்பெனிப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். உங்கள் பெயரிலும் ஒரு திவால் தேடலை வங்கிக்காகச் செய்வார்கள். ஒரே மாதிரிப் பெயர் உள்ள வேறொருவரின் பதிவு வந்து நின்றால் பதறாதீர்கள். பிறந்த தேதி, பழைய முகவரி கொடுத்து அது நீங்கள் இல்லை என்று சொலிசிட்டர் உறுதி செய்துவிடுவார்.

பதிவான வீட்டுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது ஓஎஸ்1 என்ற முன்னுரிமைத் தேடல். லேண்ட் ரெஜிஸ்ட்ரி உங்களுக்கு 30 வேலைநாள் காப்பு கொடுக்கும். அதற்குள் வேறு யார் அந்தச் சொத்தின்மேல் அடமானமோ உரிமையோ பதிவு செய்ய வந்தாலும் உங்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். அந்த 30 நாள் முடிவதற்குள் உங்கள் பெயரில் பதிவு செய்வதற்கான விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். சாவி கைக்கு வந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுவோம். காப்பு முடியும் தேதி எது, விண்ணப்பம் என்றைக்குப் போனது என்று இரண்டையும் மின்னஞ்சலில் எழுதித்தரச் சொல்லி, தேடல் அறிக்கைகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.